ஃபென்விக் வீட்டுச் சுவர்க்கடிகாரம் காணாமற்போனது பற்றி

என் பெயர் இமோஜீன் ஹோலிஸ், வயது 74, தந்தை பெயர் காலஞ்சென்ற ஆரன் ஹோலிஸ். அலபாமா மாநிலம், டாசன் ஃபெரி, மல்பெரி தெருவில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் குடியிருந்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னுடன் என் அக்கா ஆர்டெல் பிக்கன்ஸ், வயது 79, கணவரை இழந்தவர், வசித்து வருகிறார். பிஷப் என்ற பெயருள்ள ஆண் பூனையும் எங்களுடன் இருக்கிறது. உடம்பு முழுக்கக் கருப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் பாதிரியார் பட்டை போல வெள்ளை என்பதால் அந்தப் பெயர். பூனையைப் பற்றி எழுதத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் துணை ஷெரிஃப் வெண்டல் மேப்ரி சொன்னார். பூனை இல்லையென்றால் இந்த வழக்கில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு திருமதி லியோட்டா ஃபென்விக் என்பவருடையது. அவருக்கு வயது 76. நாங்கள் மூவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி உண்டு. பிஷப் அதைத் தாண்டி, லியோட்டா வீட்டுப் பின்பக்கக் கதவின் அடியில் பலகை உடைந்திருக்கும் மூலை வழியாக உள்ளே போய் வருவது வழக்கம்.

சென்ற வசந்தகாலத்தில் லியோட்டா அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டு மறந்துபோனதில் சமையலறைத் திரை எரிந்தது. அதைக் கேள்விப்பட்டு பர்மிங்ஹாமிலிருந்து வந்த அவர் மகன் ஜெரால்ட், தாயாரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீடு பூட்டப்பட்டது. விற்பனைக்கு என்ற பலகையும் முன்னால் நடப்பட்டது. காரில் ஏறும்போது லியோட்டா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அதன் பிறகு இந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பிஷப் எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தியது. வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனாலும் உடம்பு இளைக்கவில்லை, வயிறு முன்னைவிடத் தொங்கியது. தலையைத் தடவினால் முட்டிக்குத் தடவும் தைலத்தின் வாசனை வந்தது. மீசையில் சோளமாவு ஒட்டியிருந்ததையும் ஒரு நாள் பார்த்தேன்.

"இந்த ஊர்ல எவளோ ஒருத்தி என் பூனைக்கு விருந்து வெச்சு வளைச்சுப் போட்டிருக்கா," என்று அக்கா சொன்னார்.

நான் தெருவில் நான்கைந்து வீடுகளில் விசாரித்தேன். எல்லாரும் தாங்கள் சோறு போடவில்லை என்றே சொன்னார்கள்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் நாங்கள் வாசலில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது, லியோட்டா வீட்டுச் சுவர்க்கடிகாரம் மணி அடித்ததாக அக்கா சொன்னார். என் காதில் எதுவும் விழவில்லை. என் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இடது காது சரியாகக் கேட்காது என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பூட்டின வீட்ல யாருக்கா கடிகாரத்துக்குச் சாவி குடுப்பாங்க? உனக்குக் காதுக்குள்ளயே மணி அடிக்குது."

"அடிக்கட்டும். அது லியோட்டா கடிகாரத்து மணிதான்," என்று சொல்லிவிட்டு அன்று இரவு என்னுடன் பேசாமல் படுக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமையன்று திரு. ராஸ்கோ டிட்வெல் என்பவரைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரியவந்தது. அவருக்கு வயது 73. மனைவியை இழந்தவர், எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுபவர். அவருடைய வண்டியில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தியபோது, முன் இருக்கையில் போர்வையில் சுற்றி லியோட்டா வீட்டுச் சுவர்க்கடிகாரம் இருந்தது. லியோட்டாவின் கணவர் தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றபோது அவருக்குக் கொடுத்தது அது. அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அதில் இருப்பதால் யாருடையது என்பதில் சந்தேகம் எழவில்லை. எப்படி வந்தது என்று கேட்டதற்கு ராஸ்கோ பதில் சொல்லவில்லை. துணை ஷெரிஃப் பர்மிங்ஹாமுக்குத் தொலைபேசியில் பேசியபோது, தான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றும், தாயார் மோபில் நகரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றும் ஜெரால்ட் சொன்னார். துணை ஷெரிஃப் வந்து லியோட்டா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவுகள் பூட்டியிருந்தன, திரைகள் மூடியிருந்தன. அவர் கதவைத் தட்டியதை எங்கள் வாசலிலிருந்து நானே பார்த்தேன். யாரும் திறக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பொரித்த கோழியும் மோர் விட்டுப் பிசைந்து சுட்ட பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் ராஸ்கோவைப் பார்க்க ஜெயிலுக்குப் போனோம். அவர் வெள்ளைச் சட்டையுடன் இருந்தார், காலர் பொத்தான்கூடப் போட்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அக்கா அவரிடம் கோபமாகப் பேசினார்.

"ஏன் ராஸ்கோ, திருடறதுன்னு முடிவு பண்ணினா நல்லதா ஒண்ணைத் திருடக்கூடாதா? அந்த வீட்ல வெள்ளி டீ சாமான் முழுசா இருக்கு. அதை விட்டுட்டு அந்த ஓட்டைக் கடிகாரமா?"

"ஆமாம் மேடம்," என்றார்.

"என்ன ஆமாம் மேடம்? வாயத் திறந்து சொல்லு. வெண்டல் ஒண்ணும் கெட்ட பையன் இல்லை. அவங்க அம்மாவ எனக்குத் தெரியும்."

"சொல்றதுக்கில்ல மிஸ் ஆர்டெல். வாக்குக் குடுத்திருக்கேன்."

யாருக்கு என்று நான் கேட்டேன். அவர் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தொடவில்லை. நாங்கள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "மிஸ் இமோஜீன், உங்க பூனை நல்லா இருக்கானா? வெளிய போய் வர்றானா?" என்று கேட்டார்.

போய் வருகிறது என்றேன்.

"போகட்டும். அவனை வீட்ல அடைச்சு வெச்சுடாதீங்க," என்றார்.

ராஸ்கோவுக்குப் பூனை என்றால் ஆகாது. பூனை பக்கத்தில் வந்தாலே தும்முவார். ஆகவே இந்தப் பேச்சு எனக்கு வினோதமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து பட்டாணி உரிக்க உட்கார்ந்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிச் சாமானை விட்டுவிட்டு ஒருவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போவானேன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? அது அடிச்சா தெரு முழுக்கக் கேக்கும். அதை வீட்ல வெச்சுக்கிட்டு அவன் எப்படித் தூங்குவான்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குக் கேட்டது நிஜமான மணி. அந்தக் கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். வசந்தகாலத்திலிருந்து பூட்டிக்கிடக்கும் வீட்டில் அது அடித்தது என்றால் உள்ளே ஒரு கை அதற்குச் சாவி கொடுத்திருக்கிறது. அது அடிப்பது வெளியே கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அதைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொல்லி, அன்று நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு, இந்தக் காதுல விழல," என்றார். நான் மறுபடியும் சொன்னேன்.

உடனே போய்ப் பார்க்கவில்லையா என்று துணை ஷெரிஃப் கேட்கிறார். வேலிவரை போனோம். வீடு இருட்டாக இருந்தது. உள்ளே இருப்பது யார் என்று எங்களுக்குத் தெரியாது. லியோட்டா மோபிலில் இருப்பதாகவே நம்பியிருந்தோம். ராஸ்கோ யாரோ ஓடிவந்த ஆளை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அக்கா நினைத்தார். காலையில் சபை முடிந்ததும் துணை ஷெரிஃபிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் சபைக்குப் புறப்பட்டு, அக்கா தொப்பியும் வைத்துக்கொண்ட பிறகு, பிஷப் சமையலறைக்கு வந்தது. நேராகத் தன் கிண்ணத்துக்குப் போய் முந்தின நாள் வைத்ததையெல்லாம் தின்றது. பல நாளாகத் தொடாத பூனை அப்படித் தின்றது முதலில் என் கவனத்தில் பட்டது. அதன் பிறகு கழுத்துப் பட்டையில் ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். அது பெண்கள் முடியைச் சுருட்டிப் படுக்கும் ரோஸ் நிறப் பஞ்சுச் சுருள். பட்டையைச் சுற்றி வளைத்துக் கொக்கி மாட்டியிருந்தது.

"யாரு வீட்டுப் பிள்ளைங்க பண்ணின குறும்பு இது," என்று அக்கா சிரித்தார்.

நான் அதைக் கழற்றிப் பார்த்தேன். கொக்கி உடைந்த இடத்தில் பச்சை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. லியோட்டா எதையும் தூக்கிப் போடமாட்டார். அவருடைய சுருள்களில் பாதி இப்படி நூலால் கட்டியவைதான். அதில் இரண்டு நரைமுடி சிக்கியிருந்தது. நான் அதை அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா அடுப்பின் மேலிருந்த வார்ப்பிரும்பு வாணலியை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "லியோட்டா மட்டும்தான் உள்ளே இருக்கான்னு யாரு சொன்னா?" என்றார்.

பின்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டி, "லியோட்டா, நான் ஜீன் வந்திருக்கேன்," என்று பலமுறை கூப்பிட்டேன். அவருக்கு நான் சிறுவயதிலிருந்தே ஜீன்தான். உள்ளிருந்து பதில் வந்ததாக எனக்குத் தோன்றியது, வார்த்தை புரியவில்லை. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அதன் பிறகு கதவுக் கண்ணாடி உடைக்கப்பட்டது. உடைத்தது என் அக்கா, உடைக்கச் சொன்னது நான். அந்த வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை என்பது உண்மை. வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகர் அம்மாள் இதன் பேரில் கொடுத்திருக்கும் புகாரை நான் மறுக்கவில்லை.

லியோட்டா சமையலறையில் மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் தரையில் கிடந்தார். இரவு உடை அணிந்திருந்தார். தலையில் பாதி சுருள்கள் இருந்தன, பாதி இல்லை. மேல் அலமாரியிலிருந்து பீச் பழ ஊறல் பாட்டிலை எடுக்க நாற்காலியில் ஏறி, முந்தின நாள் மாலை விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. பாட்டில் உடையாமல் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, மூடியைத் திறக்கத்தான் பலமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உதடு காய்ந்திருந்தது. முதலில் அவர் சொன்னது, "இவ்வளவு நேரமா உங்களுக்கு? ராத்திரியிலேருந்து உங்க பூனை கழுத்துல சுருள் சுருளா மாட்டிக்கிட்டே இருக்கேன். வேலி தாண்டறதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடறான்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து ஸ்பூனால் கொடுத்தார். அதன் பிறகு லியோட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜீன், மறைக்காம சொல்லு. ராஸ்கோ உயிரோட இருக்கானா?" என்று கேட்டார்.

"இருக்காரு. ஜெயில்ல இருக்காரு," என்றேன்.

"அப்பாடா," என்று சொல்லி, அப்போதுதான் அழுதார்.

அக்கா எங்கள் வீட்டுக்குப் போய் ஆம்புலன்ஸுக்கும் துணை ஷெரிஃபுக்கும் தொலைபேசியில் சொன்னார். அவர்கள் வரும்வரை லியோட்டா எனக்குச் சொன்னதாவது: மகன் வீட்டில் தன்னை நன்றாகத்தான் கவனித்தார்கள், குறை சொல்ல முடியாது. மருமகள் இழுப்பறைகளில் எல்லாம் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். அடுப்புப் பக்கம் போக விடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தன் முன்னாலேயே, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஜெரால்ட் மனைவியைக் கேட்டார். அன்று ராத்திரியே லியோட்டா ராஸ்கோவுக்குத் தொலைபேசி செய்தார். மோபில் போவதாகச் சொல்லி பஸ் ஏறி, டாசன் ஃபெரிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினார். ராஸ்கோ வண்டியில் காத்திருந்தார். மோபில் தங்கைக்கு விஷயம் தெரியும், ஜெரால்ட் கூப்பிடும்போதெல்லாம் லியோட்டா தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு விற்பனையை நிறுத்த வக்கீலைப் பார்க்க வேண்டும். வக்கீல் மீன் பிடிக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை ஒளிந்திருப்பது என்று திட்டம். சாமான்களை ராஸ்கோ இருட்டியபின் கொண்டுவந்து கொடுத்தார். கடிகாரத்துக்குத் தன்னையறியாமல் பழக்கத்தில் சாவி கொடுத்துவிட்டதாகவும், அது அடித்ததும் இருவரும் பயந்துபோய் அதைக் கழற்றியதாகவும் சொன்னார். துணை ஷெரிஃப் கதவைத் தட்டியபோது மகன்தான் ஆளனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக் குளியலறையில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நடுவுல ஒரு வேலிதானே?" என்று கேட்டேன்.

லியோட்டா, என் அக்கா திரும்பி வருகிறாரா என்று பார்த்துவிட்டு, "உன்கிட்ட சொல்லலாம். உன்கிட்ட சொன்னா ஆர்டெல்கிட்ட சொன்ன மாதிரி. ஆர்டெல்கிட்ட சொன்னா ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல வந்துடும்," என்றார்.

அக்கா வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். இடது காது மட்டும்தான் அவருக்குக் கேட்காது. மேலே போய் லியோட்டாவின் நல்ல இரவு உடையைத் தேடி எடுத்துவந்து, ஆம்புலன்ஸ் ஆட்கள் வருவதற்கு முன் அவருக்கு மாற்றிவிட்டார்.

அதன் பிறகு லியோட்டாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் புறப்படுமுன் லியோட்டா துணை ஷெரிஃபைப் பக்கத்தில் அழைத்து, கடிகாரத்தைத் தானே ராஸ்கோ கையில் கொடுத்ததாகச் சொன்னார். அதன் பேரில் மதியமே ராஸ்கோ விடப்பட்டார். இடுப்பெலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, முறியவில்லை, இலையுதிர் காலத்துக்குள் கோலூன்றி நடப்பார் என்று டாக்டர் சொன்னார்.

நாங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெரால்ட் வந்தார். பர்மிங்ஹாமிலிருந்து எங்கும் நிறுத்தாமல் ஓட்டி வந்திருக்கிறார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

"நான் என்ன மிஸ் இமோஜீன் தப்பு பண்ணினேன்? அம்மா நெருப்புல போயிடுவாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. பத்திரமா வெச்சிருந்தேன்," என்றார்.

"வெச்சிருந்தே, தம்பி. அதைத்தான் அவ சொல்றா," என்று அக்கா சொன்னார். "நல்ல பீங்கானை அலமாரியில வெச்சுப் பூட்டற மாதிரி வெச்சிருந்தே. அவளுக்கு இன்னும் அதுல சாப்பிடணும்."

ஜெரால்ட் அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ராஸ்கோ வந்தார். விடுவித்ததும் வண்டியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் நடந்தே வந்திருக்கிறார் என்று செருப்பில் படிந்த புழுதியைப் பார்த்ததும் தெரிந்தது. அவரைக் கண்டதும் ஜெரால்ட் எழுந்து நின்றார்.

"நீங்க எங்க அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

சண்டைக்குக் கேட்டது போல எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அத அவங்கதான் சொல்லணும் சார். எனக்கும் கேக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு," என்றார் ராஸ்கோ.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளிருந்து லியோட்டாவின் குரல் கேட்டது. "வெளிய நின்னு என்ன பஞ்சாயத்து? ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஜெரால்ட், ஒரு நாற்காலி எடுத்துட்டு வா. ராஸ்கோவுக்குக் கால் வலிக்கும்."

ஜெரால்ட் சுற்றிலும் பார்த்து, செவிலியர் மேசையருகே இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ராஸ்கோ பின்னால் போனார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. ஆகவே அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா தன் நல்ல காதைக் கதவில் வைத்துப் பார்க்க எழுந்தபோது நான் அவர் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அதன் பிறகு ஜெரால்ட் ஏதோ கேட்டது போலவும் ராஸ்கோ இருமியது போலவும் இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதன் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது லியோட்டா ஃபென்விக்கின் சிரிப்பு. அதை மட்டும் நான் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொல்வேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் பார்த்ததும் என்னிடம் நேரில் சொல்லப்பட்டதும்தான். தெரிந்தது எதையும் விடவில்லை, தெரியாதது எதையும் சேர்க்கவில்லை. துணை ஷெரிஃப் எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது என்று கண்டு என் கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இமோஜீன் ஹோலிஸ்
டாசன் ஃபெரி, ஆகஸ்ட் 1987

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது:
வெண்டல் மேப்ரி, துணை ஷெரிஃப்